பின்கட்டுக் கூரை

நான்கு மாதங்களாக எங்கள் வீட்டில் கூரையைத் தவிர வேறு பேச்சில்லை. அண்ணன் தொலைபேசியில் அழைத்தால் கூரை. அமெரிக்காவிலிருந்து தங்கை அழைத்தால் கூரை. நண்பர்கள் ஒரு நாவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் கால்மணி நேரத்துக்குள் நான் பேச்சைக் கைமரத்துக்கும் ரீப்பருக்கும் இழுத்துவந்துவிடுகிறேன் என்று புகார். எழுதித் தீர்த்துவிட்டால் அவர்களாவது நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றியது.

வீடு தரமணியில் இருக்கிறது. தரமணி என்றால் பலருக்கும் டைடல் பார்க்கும் அதைச் சுற்றி முளைத்த கண்ணாடிக் கட்டடங்களும்தான். டைடல் திறக்கப்பட்டது 2000இல். பறக்கும் ரயில் எங்கள் பக்கம் எட்டிப் பார்த்தது 2007இல். அதற்கெல்லாம் முன்பே இங்கே ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஏரியும் தெருக்களும் ஓட்டு வீடுகளும் இருந்தன. அப்படியொரு தெருவில் தாத்தா 1954இல் கட்டிய வீடு எங்களுடையது. திண்ணை, கூடம், இரண்டு அறைகள், சமையலறை என்று முன்கட்டு. அதற்கு மங்களூர் ஓடு. கிணற்றடியைத் தாண்டினால் அப்பா 1989இல் எழுப்பிய பின்கட்டு: ஓர் அறை, சமையலுக்கு ஒரு தடுப்பு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் தகடு. வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டியது. இப்போது அங்கே ஒரு குடும்பம் இருக்கிறது. கணவர் ஒரு மென்பொருள் வளாகத்தில் இரவுக் காவலர். மனைவி இன்னொரு வளாகத்தின் உணவகத்தில் பாத்திரம் துலக்குகிறார். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்.

மூன்று பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டதால் எங்கள் கூரையை இப்போது எல்லோரும் மேலிருந்துதான் பார்க்கிறார்கள். கீழே இருப்பவனுக்குத் தெரியாதது மூன்றாம் மாடிக்காரருக்குத் தெரிகிறது. "சார், உங்க கூடத்துக்கு மேல ரெண்டு ஓடு நகர்ந்திருக்கு" என்று பால்கனியிலிருந்து அவர் குரல் கொடுத்த பிறகுதான் நான் அண்ணாந்து பார்ப்பேன். கட்டடங்கள் எப்படி நிற்கின்றன, எப்படி விழுகின்றன என்று ஆராயும் மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இதே தரமணியில்தான் இருக்கிறது. ஆனால் என் கூரையின் அன்றாட நிலவரத்துக்கு நான் நம்பியிருப்பது மூன்றாம் மாடிக்காரரைத்தான்.

ஓட்டின் அடிப்புறத்தில் 'பெரோக்' என்று ஊர்ப்பெயர் பதிந்திருக்கிறது. கோழிக்கோட்டுக்குத் தெற்கே சாலியாற்றின் கரையிலுள்ள ஊர். மங்களூர் ஓடு என்று நாம் சொல்வது ஓர் ஊரின் சரக்கை அல்ல, ஒரு வடிவத்தை. அந்த வடிவம் மங்களூரில் பிறந்ததும் அல்ல. ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் ஓட்டுக்கு 1841இல் பிரான்சின் அல்சாஸ் பகுதியில் கிலார்டோனி சகோதரர்கள் காப்புரிமை பெற்றார்கள். அதை ஒட்டிய ஒன்றை இந்தியாவில் செய்யத் தொடங்கியவர் ஜார்ஜ் பிளெப்ஸ்ட். பாசல் மிஷனின் அச்சகத்தில் வேலைபார்க்க வந்த ஜெர்மானியர். நேத்திராவதியின் களிமண்ணைக் கண்டு, 1865இல் மங்களூரின் ஜெப்பு பகுதியில் முதல் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவினார். மதம் மாறியதால் சாதித் தொழிலையும் சொந்த வீட்டையும் இழந்து நின்றவர்களுக்கு வேலை தர வேண்டியிருந்தது மிஷனுக்கு. தறியும் ஓட்டுச் சூளையும் அப்படி வந்தவை. அச்சுத் தொழிலாளி ஒருவர் ஓட்டுக்கு வந்து சேர்ந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. இரண்டிலும் அச்சு வார்ப்பதுதானே வேலை. மங்களூர் ஓடு ஒவ்வொன்றும் தன் முதுகில் பதிப்பகத்தின் பெயரையும் சுமந்துகொண்டு வருகிறது.

அதற்கு முன்பு எளியவர்களின் வீடுகளில் இருந்தது குயவர் சக்கரத்தில் வனைந்த நாட்டு ஓடு. அதை இரண்டு மூன்று அடுக்காக மேய வேண்டும். பூனை நடந்தால் கலையும். மங்களூர் ஓட்டில் ஒன்றின் விளிம்பு மற்றதன் பள்ளத்தில் உட்காரும். ஆணி வேண்டாம், சாந்து வேண்டாம். ரீப்பரில் மாட்டிவிட்டால் தன் எடையிலேயே நிற்கும். சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு, ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாது. நாற்பது கிலோ பாரம் என்று வைத்துக்கொள்ளலாம். பாரம் அதிகம்தான். ஆனால் இடுக்குகள் வழியே சூடான காற்று மேலே போய்விடும். மழையில் ஊறிய மண் வெயிலில் மெல்ல உலரும்போது கீழே குளிர்ந்திருக்கும். பகல் இரண்டு மணிக்கு எங்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கூரைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மனிதர் மேலே ஏற வேண்டும். புரட்டாசி பிறந்ததும் பள்ளிக்கரணைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். ஓட்டுக்காரர் என்றுதான் அவரை அழைப்போம். ஓட்டின் மேல் ரீப்பர் எங்கே ஓடுகிறது என்று தெரிந்து அதன்மீதே காலை வைத்து நடப்பார். அவர் நடந்து ஓடு உடைந்து நான் பார்த்ததில்லை. சந்தேகமான ஓட்டைக் கையில் எடுத்து விரல்முட்டியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் திரும்ப வைப்பார், மந்தமாக ஒலித்தால் கீழே போடுவார். கூடல்வாயில் அடைந்த வேப்பஞ்சருகை வழித்து எறிவார். அரை நாள் வேலை. தெய்வம் கொடுக்கிறபோது கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். எங்களுக்கு அப்படிக் கொடுத்தது 12 டிசம்பர் 2016 அன்று வந்த வர்தா புயல் மட்டும்தான். நாற்பத்து மூன்று ஓடுகள் போயின. தை பிறந்ததும் வந்து அவர் மாற்றிக் கொடுத்தார். அதுவே கடைசி. அவருக்கு முழங்கால் மடங்கவில்லை. மகன் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் குளிர்சாதனப் பராமரிப்பில் இருக்கிறார். நல்ல வேலை, ஓட்டின்மேல் ஏறமாட்டார், ஏற வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

ஆறேழு வருடம் யாரும் ஏறாத ஓட்டுக்கூரை என்ன ஆகும் என்பதை 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பார்த்தோம். நகர்ந்த ஓடுகளின் வழியே இறங்கிய நீர் பனங்கைகளின் தலையில் ஊறி, அடுத்த கோடையில் கரையான் ஏறிவிட்டது. கூடத்தின் மேற்குப் பக்கம் நான்கு கைகள் உள்ளே கூடாகிவிட்டன. தச்சர் உளியை வைத்து லேசாக அழுத்தினார். பிட்டு போல உதிர்ந்தது. இனிமேல் ஒன்றிரண்டு ஓட்டை மாற்றித் தப்பிக்க முடியாது, முழுக் கூரையையும் பிரித்தாக வேண்டும் என்று ஆனது.

இந்த நேரத்தில்தான் தங்கையின் கூரையும் குறுக்கே வந்தது. பென்சில்வேனியாவில் அவள் வாங்கியிருக்கும் வீடு 1920களில் கட்டியது. கூரை முழுதும் சிலேட்டுக் கல். தொலைபேசியில் இதைக் கேட்ட அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "சிலேட்டாலயா வீடு மேயறாங்க? அத்தனை பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க எங்க போவும்?" என்றாள். அம்மா சொன்னதும் சரிதான். ஆந்திராவின் மார்க்காபூரில் வெட்டிய கல்தான் நம்மில் பலருடைய முதல் சிலேட்டு. அதே வகைக் கல், ஏடு ஏடாகப் பிளக்கக்கூடியது, பென்சில்வேனியாவின் பாங்கர், பென் ஆர்கில் ஊர்களில் கிடைத்தது. அதை வெட்ட வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் கடல் தாண்டிப் போனார்கள். நாம் எழுதிப் பழகிய கல்லின் கீழே அவர்கள் குடியிருக்கிறார்கள். நல்ல சிலேட்டு நூறாண்டு தாங்கும். முதலில் போவது கல் அல்ல; அதைப் பிடித்திருக்கும் ஆணியும், மூலைகளில் மடித்து வைத்த செம்புத் தகடும்தான்.

அவளுடைய கூரையிலும் அதுவே நடந்திருக்கிறது. கல் நன்றாக இருக்கிறது, ஆணி போய்விட்டது. பார்க்க வந்த கூரைக்காரர், சிலேட்டு வேலை தெரிந்த ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி கட்டாது, எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆஸ்பால்ட் ஷிங்கிள் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஒரு மாதம் யோசித்துவிட்டு அவளும் சம்மதித்துவிட்டாள். எட்டாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் அந்த மனிதரின் வாக்கியம் எங்கள் தச்சர் சொன்னதன் நேர்ப்பிரதி போல இருந்தது. கல்லோ மண்ணோ போய்விடவில்லை. அதைத் தொட்டுத் திருத்தும் கை போய்விட்டது. இறக்கிய சிலேட்டுகளை ஒருவர் வந்து எண்ணி விலைக்கு வாங்கிக்கொண்டு போனாராம். வேறொரு பழைய வீட்டுக்கு.

அண்ணன் மகன் கட்டட வடிவமைப்பு படித்தவன். அத்தையின் வீட்டுப் படத்தைப் பார்த்ததும் அவனுக்கு யோசனை பிறந்துவிட்டது. "சித்தப்பா, நம்ம ஊர்லயும் இப்ப ஷிங்கிள்ஸ் கிடைக்குது. கேரளாவுல புது வீடெல்லாம் அதுதான். இரும்புச் சட்டம் அடிச்சு, பிளைவுட் போட்டு மேல ஒட்டிடலாம். பத்து நாள் வேலை" என்றான். நானும் அவனோடு கடைக்குப் போனேன். மாதிரித் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, தோல் போல வளைவு. கண்ணாடி இழைப் பாயில் தாரை ஏற்றி, மேலே வண்ணம் சுட்ட கல்மணிகளைத் தூவிச் செய்வது. 1903 வாக்கில் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேபிட்ஸ் நகரில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற கூரை ஒப்பந்ததாரர், சுருளாக வந்துகொண்டிருந்த தார்த் தாளைச் சிலேட்டு அளவுக்குத் துண்டு போட்டு மேய்ந்து பார்த்ததில் தொடங்கியது இது. சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோதான். இருபது முப்பது ஆண்டு உழைக்கும் என்கிறார்கள். ஒவ்வொரு துண்டின் அடியிலும் ஒரு பசைக்கோடு இருக்கிறது. வெயில் பட்டதும் அது தானே இளகிக் கீழே உள்ளதோடு ஒட்டிக்கொள்ளும். சாமர்த்தியமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. கடைக்காரர் "சிலேட் லுக் சார்" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. தார் இளகி வழியும் என்று பயந்து அல்ல. இது சாலைத் தார் இல்லை, காற்றூதிக் கெட்டிப்படுத்தியது, அவ்வளவு எளிதில் இளகாது. தங்கையின் வீட்டில் அந்தக் கூரைக்குக் கீழே ஒரு பரண்வெளி இருக்கிறது, அதில் ஒரு முழம் கனத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு பரப்பியிருக்கிறது, அதற்குக் கீழேதான் உட்கூரை. வெயில் நாளில் கருநிற ஷிங்கிள் அறுபத்தைந்து டிகிரியைத் தாண்டினாலும் அவள் தலைக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் கூரைக்கும் தலைக்கும் நடுவே ஒன்றும் கிடையாது. அண்ணாந்தால் ஓடு. சென்னையில் 2003 மே 31 அன்று 45 டிகிரி அடித்ததை நான் மறக்கவில்லை. மூச்சு விடாத தார்த்தோலை, கரையான் மணம் பிடித்து வரும் பிளைவுட்டின் மேல் ஒட்டி, அதற்குக் கீழே குளிர்சாதனத்தை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். கூரையின் விலையோடு மின்கட்டணத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அன்று அந்தக் கடையில் இன்னொன்றையும் கவனித்தேன். ஷிங்கிள் சிலேட்டுப் போல இருக்க முயல்கிறது. பக்கத்தில் சாய்த்திருந்த இரும்புத் தகடு செம்மண் நிறம் பூசி, மங்களூர் ஓடு போலவே மேடும் பள்ளமுமாக அழுத்தப்பட்டிருக்கிறது. தான் விரட்டிய கூரையின் முகத்தையே புதிய கூரை ஒவ்வொன்றும் போட்டுக்கொண்டு வருகிறது. ஆஸ்பெஸ்டாஸ் ஒன்றுதான் யார் போலவும் நடிக்கவில்லை. சாம்பல் நிறத்தில் அலை அலையாகத் தானாகவே இருந்தது. விரட்டப்பட்டவனின் முகத்தைப் போடுவது மதிப்பினாலா குற்றவுணர்வினாலா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இரண்டும் இல்லை, விற்பதற்காக என்றேன்.

அண்ணனின் கட்சி வேறு. இடித்துவிடலாம், கட்டுநரிடம் கொடுத்தால் ஆளுக்கொரு வீடு கிடைக்கும், கான்கிரீட்டுக்குக் கீழே நிம்மதியாகத் தூங்கலாம். இதில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். இந்தப் பகுதி நிலத்தின் விலையைப் பார்த்தால் எங்கள் ஓட்டு வீடு ஒரு ஆடம்பரம். ஆனால் அம்மா இருக்கிறவரை அந்தப் பேச்சு இல்லை என்பது எங்கள் மூவருக்கும் இடையே எழுதாத ஒப்பந்தம். கான்கிரீட் வருவதற்கு முன்பு இந்நகரத்தின் வசதியான வீடுகளுக்கு இருந்தது மெட்ராஸ் டெரஸ். தேக்குச் சட்டங்களுக்குக் குறுக்கே மெல்லிய செங்கற்களை மூலைவாட்டாக நிறுத்தி, சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு தட்டோடு. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் எரிந்து ஒரு தீயணைப்பு அதிகாரி உயிரிழந்தபோது, அப்படிப்பட்ட கூரை ஒன்றும் சரிந்தது. பொதுப்பணித் துறை அதைப் பழைய முறையிலேயே சுண்ணாம்பு அரைத்துத் திரும்பக் கட்டியது. இப்போது பசுமைத் தீர்ப்பாயம் அங்கேதான் நடக்கிறது. ஆக, கையைத் தேடினால் கிடைக்கிறது. தேடுவதற்குச் செலவழிக்க ஒரு அரசாங்கம் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்படி ஓடு, ஷிங்கிள், தகடு, கான்கிரீட் என்று நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமையில்தான் அம்மா குறுக்கே பேசினாள். "முன்கட்டு முன்கட்டுன்னு மூணு மாசமா பேசறீங்களே. பின்னால ரெண்டு மணிக்கு ஒரு தடவை போய் நின்னு பாருங்க."

போனோம். இரவு முழுதும் விழித்திருந்த மனிதர் ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு தரையில் படுத்திருந்தார். மேசை விசிறி வெந்த காற்றை அங்குமிங்கும் தள்ளிக்கொண்டிருந்தது. தகடு சரிவாக இறங்கும் பக்கத்தில் கையை உயர்த்தினால் தொட்டுவிடலாம்; தொட்டால் கை வைக்க முடியவில்லை. தகட்டின் மேல் நனைத்த கோணிகளைப் பரப்பியிருந்தார்கள். மத்தியானம் மூன்று முறை அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது அம்மாவின் வேலை என்பது அன்றைக்குத்தான் அண்ணனுக்குத் தெரிந்தது. அந்தப் பெண் விடுமுறை முழுதும் எங்கள் கூடத்திலேயே இருப்பது என் புத்தக அலமாரிக்காக அல்ல, ஓட்டுக்காக என்றும் அம்மா சொன்னாள். "ராத்திரி கண்ணு முழிக்கிறவன் பகல்ல தூங்க வேணாமா?"

ஆஸ்பெஸ்டாசுக்குத் தமிழில் கல்நார் என்று அழகான பெயர் இருக்கிறது. கல்லிலிருந்து உரியும் நார். கண்ணுக்குத் தெரியாத அந்த நார் நுரையீரலில் தங்கினால் இருபது, முப்பது, நாற்பது ஆண்டு கழித்துப் புற்றாக எழலாம். வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகையும் புற்றுநோய்க்குக் காரணி என்பதில் உலக சுகாதார நிறுவனத்துக்குச் சந்தேகமில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2005இல். இந்தியாவில் 1986இல் புதிய சுரங்க உரிமங்களை நிறுத்தினார்கள். 1995இல் கல்நார்த் தொழிலாளியின் உடல்நலம் அவருடைய வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நாரை இறக்குமதி செய்து சிமெண்டோடு கலந்து கூரையாக்குவதற்குத் தடையில்லை. சும்மா கிடக்கும் முழுத் தகடு பெரிய ஆபத்தில்லை என்பதும் உண்மை. அறுக்கும்போது, துளையிடும்போது, உடைக்கும்போது, பழசாகி மேற்பரப்பு பொடியும்போதுதான் நார் பறக்கிறது. எங்கள் தகடு 1989இல் போட்டது. வர்தாவில் ஒன்று விரிசல் விட்டது.

இலங்கையில் நடந்ததை நண்பர் ஒருவர் சொல்லி, தேடிப் படித்தேன். 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்துவதென்று அந்நாட்டு அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், வந்த சரக்கில் ஒரு வண்டு இருந்ததென்று சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை விதித்தது. ரஷ்யாவோ கல்நாரைப் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு. உரால் பகுதியில் அஸ்பெஸ்ட் என்றே ஒரு சுரங்க நகரம் உண்டு. சில நாட்களில் இலங்கை தன் முடிவை ஒத்திவைத்தது. தேயிலைக்கான தடையும் நீங்கியது. அந்தத் தேயிலையைக் கிள்ளுகிறவர்கள் மலையகத்தின் தகரக்கூரை லயங்களில் குடியிருப்பவர்கள். அவர்கள் பறிக்கும் கொழுந்தைக் காட்டி, நாட்டின் மற்றக் கூரைகள் பேரம் பேசப்பட்டன.

ஆனாலும் அந்தத் தகட்டை வெறும் வில்லனாக்க எனக்கு மனமில்லை. அது வந்த இடத்தையும் பார்க்க வேண்டும். நம் ஊரில் அது துரத்தியது பெரும்பாலும் ஓட்டை அல்ல, கீற்றை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியின் சமையல் கொட்டகையிலிருந்து கீற்றுக்கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள் கருகிய பிறகு, பள்ளிகளில் கீற்றே கூடாதென்று அரசு ஆணையிட்டது. தீப்பிடிக்காத, ஒழுகாத, ஒரே நாளில் போட்டு முடிக்கக்கூடிய கூரை என்றால் ஏழைக்கு எட்டும் விலையில் அதுதான் இருந்தது. அப்பாவும் 1989இல் அதைப் பெருமையோடுதான் போட்டார். முன்பு அங்கே கீற்றுக் கொட்டகை இருந்ததாம்.

கையில் இருந்த பணம் ஒரு கூரைக்குத்தான் வரும். பின்கட்டுக்கே முதலில் என்று அம்மா சொன்னதை மறுக்க எங்களால் முடியவில்லை. அண்ணனுக்கு வருத்தம்தான். "வாடகைக்கு விட்ட இடத்துக்கு ஓடு, நமக்குத் தார்ப்பாயா?" என்றார். அவர் பங்குப் பணமும் அதில் இருக்கிறது, கேட்க உரிமை உண்டு. முன்கட்டின் கெட்டுப்போன பக்கத்தை மட்டும் பிரித்து, ஓடுகளை இறக்கி, முற்றத்தில் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம். விரல்முட்டி வீங்கிவிட்டது. ஒலி கேட்டுப் பழக ஒரு நூறு ஓடு ஆகிறது. அதற்குப் பிறகு காது தானே சொல்லிவிடுகிறது. பின்கட்டுக்குச் சுமார் 450 ஓடு வேண்டும். கணீரென்றது முந்நூற்றுச் சொச்சம். மீதியைப் பழைய கட்டடச் சாமான் விற்கும் கடையில் வாங்கினோம். அவை வேறு ஊர்ப்பெயர்கள் தாங்கியவை, நிறமும் ஒரு பிடி கறுப்பு. ஓட்டைத் தூக்கித் தகடு இருந்த சரிவிலேயே வைத்துவிட முடியாது. அவ்வளவு தாழ்ந்த சரிவில் ஓட்டின் இடுக்கில் மழைநீர் எதிரேறிவிடும். கிணற்றடிப் பக்கச் சுவரை மூன்றரை அடி உயர்த்தி, பாரம் தாங்க இரும்புச் சட்டங்கள் வைத்துத்தான் மேய முடிந்தது. ஆவணி கடைசியில் முடிந்தது. அம்மா இப்போது கோணிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. முன்கட்டின் மேற்குப் பக்கத்துக்கு இந்த மழைக்காலம் நீலத் தார்ப்பாய்தான். ஒரு நாளைக்குப் பலமுறை படபடவென்று அடித்துக்கொள்கிறது. மூன்றாம் மாடிக்காரர் பார்க்கச் சகிக்கவில்லை என்கிறார்.

தகடுகளை இறக்கியபோது சுத்தியல் வேண்டாம், கொக்கி போல்ட்டுகளை எண்ணெய் விட்டுத் திருகியே கழற்ற வேண்டும், முதலில் தண்ணீரில் நனைக்க வேண்டும், முகமூடி போட வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேன். வந்த நால்வரும் என்னை விநோதமாகப் பார்த்தார்கள், ஆனால் செய்தார்கள். பன்னிரண்டில் பதினொன்று முழுதாக இறங்கின. கட்டட இடிபாடு ஏற்றிப்போகும் வண்டிக்காரரைக் கேட்டேன். உடைத்து மூட்டையாகக் கட்டிக் கொடுத்தால் எடுத்துப்போவேன் என்றார். உடைக்கக் கூடாது என்பதுதானே விஷயம்.

இறக்கியவர்களில் மூத்தவர் சாயங்காலம் கூலி வாங்கிக்கொண்ட பிறகும் போகாமல் நின்றார். மதுராந்தகம் பக்கம் அவருக்குக் கீற்று வீடு. "அந்தப் பதினொண்ணையும் எனக்குக் குடுத்துடுங்க சார். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா கீத்து மாத்தணும், மேயறதுக்கு ஆளே கெடைக்கல. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்குது, ஒழுவுது" என்றார். நான் நாரைப் பற்றியும் நுரையீரலைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த முகமூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "இருவது வருஷமா இதத்தான் சார் ஏத்தி எறக்கி அறுத்துக்கிட்டிருக்கேன். இனிமே கூரையில இருந்தா வந்துடப் போவுது?"

கொடுத்துவிடு என்கிறாள் அம்மா. ஒழுகுகிற வீட்டில் பிள்ளை பெற்றவளை வைத்துக்கொண்டு யோசிப்பது பாவம் என்கிறாள். அண்ணன் மகன், கொண்டுபோய் மாட்டுவதற்கு அவர் மறுபடி துளை போடுவார், அது தெரிந்தே கொடுப்பதா என்கிறான். கீற்று மாற்றுகிற செலவை நானே கொடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "பணம் செலவாயிடும் சார். தகடு நிக்கும்" என்றார்.

பதினொரு தகடுகளும் தார்ப்பாய் போர்த்திக் கிணற்றடியில் சாய்ந்து நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அழைப்பார். நேற்றும் அழைத்தார். புதன்கிழமை செங்கல் இறக்கிவிட்டு ஒரு லாரி காலியாக அந்தப் பக்கம் போகிறதாம்.